மாமனார் காலண்டரில் மிச்சமிருந்த தாள்கள்

உலகம் அழியப் போகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த 2012-ஆம் வருடக் கடைசியில், நானும் என் வீட்டுக்காரரும் அடுத்த வருடக் காலண்டருக்கு ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தோம். திண்டுக்கல்லில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, தினசரி காலண்டர். காலண்டர்களைச் சிவகாசியில் வாங்கி, கேட்கிற கடைக்காரர் பெயரை அட்டையில் அச்சடித்துக் கொடுப்போம். ஐப்பசி பிறந்துவிட்டால் எங்களுக்குச் சாப்பிட நேரமிருக்காது.

வருடா வருடம் முதல் ஆளாக ஆர்டர் கொடுப்பவர் ஒரு பாத்திரக்கடைக்கார அண்ணன். அந்த வருடமும் வந்தார், உட்கார்ந்தார், டீ குடித்தார், ஆர்டரை மட்டும் கொடுக்கவில்லை.

"மாயன்னு ஒரு கூட்டமாம்மா. அவங்க காலண்டரு இந்த மார்கழியில முடியுதாம். அதுக்கு மேல நாளே கெடையாதாம். டிவியில திருப்பித் திருப்பிக் காட்டுறான்."

"நம்ம காலண்டருந்தாண்ணே டிசம்பரோட முடியுது. அதுக்காக உலகத்தையா அழிச்சுப்புட்டாங்க?"

"அது சரித்தா. இருந்தாலும் அந்தத் தேதி கழியட்டும். இருந்தோம்னா வாரேன்."

இருந்தார், வந்தார். ஆனால் காலண்டர் அவர் கைக்குப் போய்ச் சேரும்போது தைப்பூசமே முடிந்து, பழனிக்கு நடந்து போனவர்களெல்லாம் வீடு திரும்பியிருந்தார்கள். முதல் சில வாரத் தாள்களை மொத்தமாகக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுத்தார். அந்த வருடம் முழுக்க நான் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

அவரோடு மல்லுக்கட்டுவதற்காகத்தான் மாயன்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன், பிறகு விட முடியவில்லை. அவர்கள் அழிந்துபோன கூட்டமே இல்லை. குவாத்தமாலா மலைகளில் இன்னமும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தெய்வம். மெழுகுவர்த்தி ஏற்றி, சாம்பிராணி மாதிரி ஒன்றைப் புகைத்து, அந்த நாளைக் கும்பிட்டு, முன்னோர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஒரு கணக்கு முடிந்தால் மறுநாள் அடுத்த கணக்கு. நமக்குப் பிரபவ தொடங்கி அட்சய வரை அறுபது வருடம் போய், மறுபடி பிரபவ வருவது மாதிரி. இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கெட்டிக்காரத்தனமாகக் கேட்டுத் திரிந்தேன். பயம் எங்கள் கடையிலேயே ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது அப்போது எனக்குத் தெரியாது.

அது என் மாமனாரின் காலண்டர். கடையை ஆரம்பித்தவர் அவர்தான். தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து, பிசிறில்லாமல் தாளைக் கிழித்து, பின்னால் போட்டிருக்கும் ராசிபலனை எல்லோருக்கும் சத்தமாக வாசிப்பார். ஒரு ராசிக்கு ஒரே வார்த்தை. "ஏத்தா, ஒனக்கு இன்னிக்கு லாபம்!" என்பார். எங்களுக்குக் கல்யாணமான மூன்றாம் வருடம் ஓர் ஐப்பசியில், ஐம்பத்தெட்டு வயதில், மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வீட்டுப் பெரியவர் போனால் அன்றைய தாளோடு காலண்டரை நிறுத்திவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். முருகன் படம் போட்ட அந்தக் காலண்டர் அவர் போட்டோவுக்குப் பக்கத்தில், மிச்சத் தாள்களோடு அப்படியே பழுத்துக்கொண்டிருந்தது. அவருடைய அப்பாவும் அறுபதைத் தொடாமல் போனவர்தானாம்.

என் வீட்டுக்காரர் பிறந்தது குரோதி வருடம். அந்தக் குரோதி மறுபடி வந்து அவருக்கு அறுபது ஆக ஒரு வருடம் கூட இல்லாதபோது, தை அமாவாசைக்கு அணைப்பட்டிக்குப் போனோம். வைகையில் கணுக்கால் அளவு தண்ணீர். அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வந்தவர், வழியில் டீக்கடையில் சாதாரணமாகச் சொன்னார்:

"அடுத்த வருசம் நம்ம பயல இந்த எடத்துக்கே வரச் சொல்லு. தண்ணி இல்லாட்டியும் ஐயரு நல்லாப் பண்ணி வைக்கிறாரு."

நான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். மகன் சென்னையில் இருக்கிறான். அவன் எதற்கு வந்து எள்ளுத் தண்ணீர் விட வேண்டும்? அப்பா உயிரோடு இருக்கிற பிள்ளை அதைச் செய்ய மாட்டான். அப்போதுதான் புரிந்தது, இந்த மனுஷன் தன் கணக்கைத் தானே முடித்து வைத்திருக்கிறார் என்று. யோசித்துப் பார்த்தால், கொஞ்ச நாளாகப் புதுச்சட்டை எடுக்கவில்லை. இற்றுப்போன செருப்பை மாற்றவில்லை. அறுபதாம் கல்யாணப் பேச்சை எடுத்தாலே "மொதல்ல வரட்டும், அப்பறம் பாப்போம்" என்று எழுந்து போய்விடுவார். ஊருக்கெல்லாம் பத்திரிகை அடிக்கிற வீட்டில் எங்களுக்கு ஒரு பத்திரிகை அடிக்க முடியவில்லை. எனக்குப் பயமும் வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. இருக்கிற ஆளை இல்லாத ஆளாக நினைத்துக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்துவது?

பங்குனி வெயிலில் கடைக்கு ஆள் வராத ஒரு மதியம், போனில் மறுபடி மாயன்களைத் தேடினேன். நமக்கு அறுபது மாதிரி அவர்களுக்கு என்ன என்று பார்க்கலாமே என்றுதான். ஐம்பத்திரண்டு என்று இருந்தது. அவர்களிடம் இரண்டு காலண்டர்கள், ஒன்று சின்னது, ஒன்று பெரியது. இரண்டும் சுற்றிச் சுற்றி, புறப்பட்ட அதே நாளில் மறுபடி சேர ஐம்பத்திரண்டு வருடம் ஆகும். அந்த வயதைத் தொட்டவர் ஒரு முழுச் சுற்று வாழ்ந்து முடித்தவர், பெரியவர். அதற்குப் பிறகு புதுச் சுற்று.

வீட்டுக்காரர் பத்திரிகைக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இங்க பாருங்க. இவங்க கணக்குல நீங்க என்னைக்கோ தாண்டிட்டீங்க."

கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எங்கேயோ இருக்கவன் கணக்கு நமக்கு எதுக்கு?"

"அவங்க கணக்க நம்பிச் சாகப் பயந்தாரே பாத்திரக்கடை அண்ணன், அதே கணக்க நம்பி நீங்க செத்த நேரம் நிம்மதியா இருந்தா ஆகாதா? ஒங்களுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? அவரும் தேதி கழியட்டும்னாரு, நீங்களும் அதத்தான் சொல்றீங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கட்டைக் கீழே வைத்துவிட்டு முருகன் காலண்டரைப் பார்த்தார்.

"அப்ப எங்கப்பா?"

"மாமாவுக்கு அம்பத்தெட்டுல்ல? சுத்த முடிச்சுட்டு, அதுக்கு மேலயும் ஆறு வருசம் நம்மளோட இருந்துட்டுத்தான் போயிருக்காரு."

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். "பாதியில போயிட்டாரு, பாதியில போயிட்டாருன்னே இம்புட்டு வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். தன் சாவைவிட, அப்பாவுக்கு நாள் குறைந்துபோனதுதான் அவரை அரித்திருக்கிறது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் ஐயரிடம் அவரே நாள் கேட்டார். பத்திரிகை வாசகத்தையும் அவரே எழுதி, அவரே நாலு முறை திருத்தினார்.

குரோதி ஆவணியில் எங்கள் மொட்டைமாடியில் பந்தல் போட்டு அறுபதாம் கல்யாணம் நடந்தது. கலசத்துக்கான குடங்களைப் பாத்திரக்கடை அண்ணன் தன் கடையிலிருந்தே கொண்டுவந்தார். "உலகம் இருக்கும்னு அன்னைக்கே எனக்குத் தெரியும்த்தா" என்று கூசாமல் சொன்னார். தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்து உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகத் தண்ணீர் ஊற்ற, எனக்குக் குளிரில் பல் கிட்டியது. இவர் மட்டும் இன்னொரு குடம் ஊற்றினால் தேவலை என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு நேரே கடைக்குப் போனவர், எங்கள் காலண்டரைக் கிழிக்கவில்லை. அப்பா காலண்டரின் முன்னால் நின்றார். அந்த ஐப்பசித் தாளை, பிசிறில்லாமல், மெதுவாகக் கிழித்தார். நான் பதறிப்போனேன். வழக்கத்தை மீறிவிட்டாரே. அவர் தாளைத் திருப்பிக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு படித்தார்.

"அப்பா ராசிக்கு அலைச்சல்னு போட்டுருக்கு."

அன்றிலிருந்து தினமும் முதலில் அப்பாவுக்கு ஒரு தாள், பிறகு எங்களுக்கு. பழுத்த தாள்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து அட்டை தெரிய ஆரம்பித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஏங்க, மாமாவோடது தீரப் போகுதே. தீந்தா என்ன பண்ணுவீங்க?"

கையில் புதுச் செருப்புப் பெட்டியோடு நின்றவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"புதுசா ஒண்ண மாட்ட வேண்டியதுதான். நம்ம கடையில காலண்டருக்கா பஞ்சம்?"