இறால் ஓடு உரித்த காலை

பக்கவாதம் வந்தபின் அப்பாவிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "ஆமா." பசித்தாலும் ஆமா, வலித்தாலும் ஆமா, வேண்டாம் என்பதற்கும் ஆமாதான். தாராவியில் பட்டறை வைத்து, தெருமுனைவரை கேட்கிற குரலில் ஆட்களை ஏவிக்கொண்டிருந்தவர். அவரை எங்கள் செம்பூர் வீட்டுக்கு அழைத்து வந்தோம். சக்கர நாற்காலி போட ஹாலில் இடமிருந்தது என் கடல்நீர் மீன்தொட்டிக்கு எதிரே மட்டும்தான்.

தொட்டியில் பாறைகளும் பவளங்களும், இரண்டு கோமாளி மீன்கள், முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் இரண்டு சிவப்பு இறால்கள். இந்த வகை இறால் மீன்களின் உடம்பில் ஏறி அழுக்கைக் கொத்தித் தின்னும். கையை விட்டால் கையிலும் ஏறும். ஒருநாள் நானும் மனைவியும் அப்பாவை இருபுறமும் தாங்கி நிறுத்தி, விளங்காத வலது கையைத் தண்ணீருக்குள் விட்டோம். ஓர் இறால் வந்து அவர் நகக்கண்ணைச் சுரண்டியது. அந்தக் கையில் அவருக்கு உணர்ச்சி தெரிந்திருக்காது. ஆனால் கண்ணை எடுக்காமல் பார்த்தார். அதன்பின் நாற்காலியைத் தொட்டி அருகே தள்ளினால்தான் சாப்பிட வாய் திறப்பார்.

இறால் வளர வளர ஓட்டை உரித்துப் போடும். முதல்முறை அந்த வெற்று ஓட்டைப் பார்த்துவிட்டு, இறால் செத்துப்போயிற்று என்று நினைத்து அழுதார். பாறைக்குப் பின்னால் அது பதுங்கியிருப்பதை டார்ச் அடித்துக் காட்டினேன்.

"புது ஓடு கெட்டியாகணும்லாப்பா. அதுவரைக்கும் மேலு மெத்துனு இருக்கும். அதான் ஒளிஞ்சு கெடக்கு."

புரிந்துகொண்டார்.

பிறகு பவளங்களின்மேல் துரு நிறத்தில் தட்டைப்புழுக்கள் பரவின. குர்லாவில் மீன் விற்பவர், ஆரஞ்சுக் கோடுகள் போட்ட பச்சை மீன் ஒன்றைக் காட்டி, "ராஸ் லே ஜாவ், ஸாப். கீடா சப் கா ஜாயேகா" என்றார். ராஸ் என்கிற அந்த மீன் புழுவையெல்லாம் தின்றுவிடுமாம். இறாலுக்கு ஆபத்தில்லையா என்று கேட்டேன். பெரிய இறாலை அது தொடாது என்றார். பெரும்பாலும் அது உண்மையும்கூட. சில வாரங்களில் ராஸ் புழுக்களைத் துடைத்தெடுத்தது. இறால்கள் அதன் செவுளையே சுத்தம் செய்வதை அப்பாவும் நானும் சேர்ந்து பார்த்தோம்.

ஒரு காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது நாற்காலியின் கையில் அறையும் சத்தம் கேட்டது. "ஆமா! ஆமா!"

சமையலறையிலிருந்து மனைவி ஓடி வந்தாள். "என்ன மாமா, தண்ணி வேணுமா?"

"ஆமா!"

அவள் கொண்டுவந்த டம்ளரைத் தட்டிவிட்டார். நான் ஈரத் துண்டோடு வந்து பார்த்தேன். மணல்மேல் ஒரு வெற்று ஓடு கிடந்தது. ராஸ் அந்த மெத்தென்ற இறாலைக் கவ்விப் பாறையில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது. வலையை இறக்கியதும் இறாலைப் போட்டுவிட்டு மணலுக்குள் புகுந்து மறைந்தது. இறாலுக்குக் கால்கள் பாதி இல்லை. மீசை மட்டும் அசைந்தது. மத்தியானத்துக்குள் அதுவும் நின்றது.

அப்பா அன்று எதுவும் சாப்பிடவில்லை.

"அந்தச் சனியன வெளிய எடுத்திருங்க. மாமா வாயே தெறக்க மாட்டேங்காவ" என்றாள் மனைவி.

பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். வருஷக்கணக்கில் வளர்ந்த பவளக் கிளைகள் முறிந்தன. வலையைக் கண்டாலே ராஸ் மணலுக்குள் போனது. தோண்டத் தோண்ட தண்ணீர்தான் கலங்கியது. பாட்டிலில் இரை வைத்துப் பொறி போட்டேன். கோமாளி மீன்கள் அகப்பட்டன. கடைசியில், மிஞ்சிய இறாலைத் துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் விட்டு, தொட்டிக்குள்ளேயே மாட்டினேன்.

அது பெட்டிக்குள் ஓடு உரித்த நாளில், ராஸ் வெளியிலிருந்து பெட்டியை முட்டிக்கொண்டே இருந்தது. அப்பா அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜன்னல் பக்கம் திருப்பட்டுமாப்பா?"

"ஆமா."

திருப்பினேன். நாற்காலியில் அறைந்தார். மறுபடி தொட்டிப் பக்கம் திருப்பினேன். அப்போதும் அறைந்தார். எந்தப் பக்கம் வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. என்மேல் கோபமா என்றும் தெரியவில்லை.

ராஸ் இன்னும் தொட்டியில்தான் இருக்கிறது. இறால் பெட்டிக்குள் இருக்கிறது; சுத்தம் செய்ய அதனிடம் எந்த மீனும் வருவதில்லை. ஆபீஸ் கிளம்பும்போது பெட்டியின் கொக்கியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போகிறேன்.