ஆளுக்கொரு வசனம்

மேலகரத்தில் ஜெபகனி வீடு எது என்று விசாரித்தால், "பிள்ளைகள பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத வீடா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். குற்றாலம் போகிற ரோட்டிலிருந்து மூன்றாவது சந்து. டிசம்பர் பிறந்த அன்றே வாசலில் காகித ஸ்டார் தொங்கும். காலை எட்டரைக்கு வேன்கள் ஹார்ன் அடித்து ஊரே பரபரக்கும்போது, அந்த வீட்டுப் பிள்ளைகள் மூன்றும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்து போகிற பிள்ளைகளுக்கு டாட்டா காட்டும். பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

ஜெபகனி பொழுது போகாமல் எடுத்த முடிவல்ல அது. ஆறு வருஷம் தென்காசியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் டீச்சராக இருந்தவள். மூத்தவள் ஜெமீமா யு.கே.ஜி. படித்தபோது வேன் சத்தம் கேட்டாலே தின்ற இட்லியை வாந்தி எடுத்துவிடுவாள். புருஷன் தவசிங்குக்கோ விடியற்காலை மூன்று மணிக்குப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி லோடு ஏற்றி, டெம்போவைப் புனலூருக்கு ஓட்டுகிற வேலை. பகலில் வந்து படுத்து எழுந்தால், மகள் டியூஷனுக்குப் போயிருப்பாள். அப்பனும் மகளும் ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில்தான் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு ஜூன் மாதம் ஜெபகனி வேலையை விட்டாள், மகளின் பையைப் பரணில் போட்டாள். "நானே சொல்லிக் குடுக்கேன்" என்றாள். அவள் ஒன்றை முடிவு செய்துவிட்டால் ஜேசிபி வைத்து இழுத்தாலும் நகரமாட்டாள்.

மூன்று வருஷம் வண்டி நன்றாகத்தான் ஓடியது. டிசம்பரில் மட்டும் மூச்சு முட்டும். மழை விட்டாலும் மலைப்பக்கத்து ஈரக்காற்று விடாது. துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாமல் வீட்டுக்குள்ளேயே கொடிகளில் தொங்கும். அதன் அடியில் குனிந்து குனிந்துதான் பாடம் நடக்கும். முறுக்குச் சுட எண்ணெய் காயும்போது ஜெமீமாவுக்கு வகுத்தல் கணக்கு, ஐந்து வயது யோசியாவுக்கு மாவில் அ, ஆ. இரண்டு வயது ரூபி இடுப்பில், மூக்கு ஒழுகியபடி. ஜெபகனி தோசையைத் திருப்பிக்கொண்டே தமிழ்ப் பாடத்தை ஒருதரம் சத்தமாக வாசிப்பாள். ஜெமீமா அதைப் பிடித்துக்கொண்டு கணீரென்று திருப்பி வாசிப்பாள். வேலை மிச்சம் என்று ஜெபகனி அடுத்த தோசையை ஊற்றுவாள்.

சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். கரண்ட் போனாலும் காய்ச்சல் வந்தாலும் அது நிற்காது. பாயில் வட்டமாக உட்கார்ந்து ஒரு பாட்டு, பிறகு மாதம் முழுக்க வேதபுத்தகத்தில் ஒரே அதிகாரம், காலையில் ஜெபகனி சத்தமாக வாசித்துக் காட்டுவது. ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வரும். தவசிங் ஒன்று, ஜெபகனி ஒன்று, ஜெமீமா ஒன்று, மறுபடியும் தவசிங். டிசம்பர் பிறந்தால் இயேசு பிறந்த அதிகாரம்தான் திரும்பத் திரும்ப. எட்டு வயதுப் பிள்ளை எங்கும் தட்டாமல் தன் வசனத்தை வாசிப்பதைக் கேட்டால் ஜெபகனிக்கு உச்சி குளிர்ந்துவிடும். கோயிலில் பெண்கள் கூடுகிற இடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. "எங்க ஜெமீமா டிவியில நியூஸ் வாசிக்க மாதிரில்லா வாசிக்கா!"

பதிமூன்றாம் தேதி சனிக்கிழமை தங்கபுஷ்பம் மதினி வந்தாள். தவசிங்குக்கு மூத்த அக்காள். வீரகேரளம்புதூர் பக்கம் ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியை. இந்த வீட்டுப் படிப்பு ஆரம்பத்திலிருந்தே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அச்சுமுறுக்குக்கு மாவு திரித்து, பையில் சுமந்துகொண்டு பஸ்ஸில் வருகிற மனசு அவளுக்கு உண்டு.

அன்றைக்கு ஜெபத்தில் மதினி, ஜெபகனிக்கும் ஜெமீமாவுக்கும் நடுவே உட்கார்ந்தாள். தவசிங் முதல் வசனம், ஜெபகனி இரண்டாவது, மதினி மூன்றாவது. அடுத்தது ஜெமீமா. பிள்ளையின் விரல் நான்காம் வசனத்தின் அடியில் இருந்தது. வாய் ஆறாம் வசனத்தைச் சொல்லியது. யோசேப்பு இன்னும் சொந்த ஊருக்குப் புறப்படவே இல்லை. அதற்குள் மரியாளுக்குப் பிரசவ நாள் வந்துவிட்டது.

"மக்ளே, நாலாவது வசனம்," என்றாள் மதினி.

ஜெமீமா அம்மாவைப் பார்த்தாள். ஜெபகனிக்குப் புரியவில்லை. மதினிக்குப் புரிந்துவிட்டது, முப்பது வருஷமாகப் பிள்ளைகளைப் பார்க்கிறவள். புத்தகத்தை வாங்கி வேறொரு பக்கத்தைத் திருப்பினாள். "இங்கன வாசி பாப்போம்."

எழுத்தெல்லாம் ஜெமீமாவுக்குத் தெரிந்திருந்தது. இரண்டெழுத்து, மூன்றெழுத்து வார்த்தைகளைக் கூட்டினாள். கொம்பு போட்ட எழுத்து வந்தால் நின்றாள். நீளமான வார்த்தை வந்தால் கண்ணில் நீர் கட்டியது. எந்த வசனம் தனக்கு வரும் என்று எண்ணி வைத்து, மூன்று, ஆறு, ஒன்பது என்று தன்னுடையதை மட்டும் காதால் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறாள். இரவு தவறாமல் ஜெபம் நடக்கிற வீட்டில்தான் இப்படி ஒரு தப்பு நடக்க முடியும்.

"ஜெபகனி, பிள்ளைக்கு வாசிக்கத் தெரியல," என்றாள் மதினி. குத்திக் காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் ஜெபகனிக்கு அதிகம் வலித்தது. மதினி தம்பியின் பக்கம் திரும்பி, "ரெண்டாம் தேதி ஸ்கூல் திறக்கும். எங்க ஸ்கூல்லயே சேத்துருவோம். என் வீட்ல இருந்து படிக்கட்டும்," என்றாள்.

தவசிங் அதிகம் பேசாதவன். "இந்த வருசம் முடியதுக்குள்ள, அவ முன்னபின்ன பாக்காத அதிகாரத்துல அவ பங்குக்கு வார வசனத்த அவளே வாசிக்கணும். இல்லன்னா ரெண்டாம் தேதி நானே டெம்போல கொண்டு விடுதேன்," என்றான்.

பதினெட்டு நாள். ஜெபகனி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊரான் பிள்ளை நாற்பது பேருக்கு எழுத்தறிவித்தவள், தன் பிள்ளையின் நாக்கைக் கேட்டாளே தவிர கண்ணைப் பார்க்கவில்லை. அழுது முடித்து முகத்தைக் கழுவினாள். மனப்பாடம் செய்ய முடியாத எழுத்து எங்கே இருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தாள்.

முதலில் பஸ் போர்டு. அது இரண்டே நாளில் கவிழ்ந்தது. பச்சை மினி பஸ் என்றால் பண்பொழி, நீலம் என்றால் சுரண்டை என்று ஜெமீமா நிறத்தைப் பார்த்தே சொன்னாள். மூன்றாம் நாள் சின்னவை இரண்டையும் பக்கத்து வீட்டு மெஹர் பானுவிடம் விட்டுவிட்டு, ஜெபகனி குடையோடு மகளைக் குற்றாலம் ரோட்டு முக்குக்குக் கூட்டிப்போனாள். மார்கழி மாதம். சபரிமலைக்குப் போகிற ஐயப்ப சாமிமார் அருவியில் குளிக்க வேன் வேனாக வருகிற நேரம். எந்த வேனும் நேற்று வந்ததல்ல, நாளை வரப்போவதுமல்ல. முன்னால் பேனரில் ஊர்ப் பெயர், குருசாமி பெயர், பக்தர் குழுவின் பெயர். ரோட்டிலோ நெரிசல், வண்டி நத்தையாக ஊர்ந்தது. "வாசி," என்றாள் ஜெபகனி.

"கொ... கொல்... கொல்லப்... பட்டி."

"கொல்லபட்டி. நடுவுல புள்ளி வச்ச 'ப்' உண்டா, பாரு."

அன்றைக்கு நான்கு வேன். மறுநாள் ஏழு. ஒருநாள் ஒரு வேன் எதிரேயே நின்றுவிட்டது. ஜன்னலோரம் இருந்த தாடிக்கார சாமி, குடைக்கடியில் ஒரு பிள்ளை தங்கள் பேனரோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் "மே...ட்டுப்...பாளை...யம்" என்று முடித்ததும், "கரெக்டா சொல்லிட்டே மாளிகப்புறம்!" என்று, சாமிமார் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற பேரைச் சொல்லிக் கையைத் தட்டி, ஒரு வாழைப்பழத்தை நீட்டினார். மதினி வந்துபோன பிறகு ஜெமீமா முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

ஜெபகனி தினமும் ஐயப்பன் வேனைப் பார்க்க நிற்கிறாள் என்று சபையில் பேச்சு கிளம்பியது. ஒரு அம்மாள் நேரிலேயே கேட்டுவிட்டாள். "அங்கன உள்ள 'க'வும் நம்ம 'க'வும் ஒண்ணுதான் ஆச்சி," என்று சொல்லிவிட்டு ஜெபகனி குடையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

இருபத்திரண்டாம் தேதி எல்லாம் சேர்ந்து கவிழ்த்தது. ரூபிக்குக் காய்ச்சல், தையல்காரர் உடுப்புத் தரவில்லை, ராத்திரி வீடு வீடாகப் பாடி வருகிற கீத பவனிக்காரர்களுக்குப் பலகாரம் வேண்டும், அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகிறது. ஜெமீமா ஒரே வரியில் கால்மணி நேரமாக நின்றாள். ஜெபகனி பழக்க தோஷத்தில் வார்த்தையை எடுத்துக் கொடுத்தாள். பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு மீதியை அடித்து விட்டாள். பாதி அச்சில் இல்லாதது. ஜெபகனி புத்தகத்தைப் பிடுங்கித் தரையில் போட்டாள்.

"ஏட்டி, என்னைய ஏமாத்துதியா? மூணு வருசமா ஏமாத்திட்டல்லா இருந்திருக்க!"

ஜெமீமா அழவில்லை. "நீதான கோயில்ல எல்லார்ட்டயும் சொன்ன, எங்க ஜெமீமா நியூஸ் மாதிரி வாசிக்கான்னு. எனக்குத் தெரியலன்னு சொன்னா, நீ பொய் சொன்ன மாதிரி ஆயிருமேம்மா."

அடுப்பில் எண்ணெய் புகைந்தது. ஜெபகனி போய் அதை அணைத்துவிட்டு வந்து, ஈரத்துணிகளின் அடியில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் மானத்தைக் காப்பாற்றத்தான் பிள்ளை இத்தனை வசனத்தையும் சுமந்திருக்கிறாள். "தப்பு எம்மேலதான் மக்ளே," என்றாள். "இனி நான் எடுத்துக் குடுக்க மாட்டேன். எவ்வளவு நேரம் ஆனாலும் காத்துக் கெடக்கேன். நீயே வாசி."

கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்து எல்லோரும் கை கொடுத்துக்கொண்டிருந்தபோது, அதே அம்மாள் ஜெமீமாவின் கன்னத்தைக் கிள்ளி, "எங்க, நியூஸ்காரி ஒரு வசனம் வாசி பாப்போம்," என்றாள். ஜெமீமாவின் கை அம்மாவின் சேலையைப் பிடித்தது. ஜெபகனி நாலு பேர் கேட்கவே சொன்னாள்: "அவளுக்கு இன்னும் வாசிக்க வராது ஆச்சி. நான்தான் தெரியாம பெருமையடிச்சிட்டேன். இப்பதான் படிக்கா." சொல்லி முடிக்கும்போது காது சுட்டது. ஆனால் சேலையைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது.

அதன் பிறகு ஆறு நாள். வேன் பேனர், மார்க்கெட் சாக்கில் எழுதின பெயர், தவசிங் கொண்டுவருகிற லோடு சீட்டு, மருந்து பாட்டில் அட்டை. ஜெபகனி வாயே திறக்கவில்லை. திறந்துவிடுவோமோ என்று சேலை முனையைக் கடித்துக்கொண்டாள்.

முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கே மதினி வந்துவிட்டாள். "அதிகாரத்த நாந்தான் எடுப்பேன்," என்றாள். எடுத்தாள் பாருங்கள்! இடிந்து கிடந்த மதிலில் யார் யார் எந்த வாசலை, எந்தப் பங்கை எடுத்துக் கட்டினார்கள் என்று ஊர்ப்பட்ட பெயர்களாக வருகிற அதிகாரம். முப்பத்திரண்டு வசனம். சபை ஐயர்கூட கோயிலில் அதை வாசித்து ஜெபகனி கேட்டதில்லை. அதை மனப்பாடம் செய்தவன் இனிமேல் பிறந்தால்தான் உண்டு.

முதல் வசனத்திலேயே தவசிங் பெயர்களில் இடறினான். யோசியா கெக்கெக்கே என்று சிரித்தான். இரண்டாவது மதினி. மூன்றாவது ஜெமீமா. அவளுக்கு அடுத்து, கடைசியாக ஜெபகனி உட்கார்ந்திருந்தாள்.

"மீன்... வாசலை..." என்று ஆரம்பித்து நின்றாள் பிள்ளை. அடுத்த பெயரில் முட்டிக்கொண்டாள். தலை தானாக அம்மா பக்கம் திரும்பியது. ஜெபகனிக்கு வார்த்தை நுனி நாக்கில் வந்துவிட்டது. இனி ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் சொல்லிவிடுவோம் என்று தெரிந்து, சடக்கென்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். இருட்டில் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூடத்தில் தவசிங்கும் மதினியும் எடுத்துக் கொடுக்கவில்லை.

பிறகு ஒரு எழுத்து கேட்டது. இன்னொன்று. தப்பாகச் சொல்லி, திரும்பி வந்து, திருத்தி, முழுப் பெயரையும் பிள்ளை கட்டி முடித்தாள். மேற்கொண்டு உத்திரம், கதவு, பூட்டு, தாழ்ப்பாள் என்று தட்டுத் தடுமாறி வசனத்தின் கடைசிப் புள்ளி வரை வந்தாள். "அம்மா, ஒன் வசனம்!" என்று கூப்பிட்டாள்.

அப்படி எட்டுச் சுற்று. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. யோசியா தூங்கிவிட்டான். நடுராத்திரி வருஷப்பிறப்பு ஆராதனைக்குத் தேய்த்து வைத்த உடுப்புகள் நாற்காலியில் கிடந்தன. ஐந்தாம் சுற்றில் மதினி, "போதும் மக்ளே," என்றாள். "இல்ல அத்த, இன்னும் இருக்கு," என்று ஜெமீமா விரலை எடுக்கவில்லை. முப்பத்தொன்றாம் வசனத்தையும் அவளே வாசித்து முடித்தாள். ஒரு பெயரைக்கூட விடவில்லை.

மதினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "எங்க ஸ்கூல்லயும் போய் ஒவ்வொரு பிள்ளையா வாசிக்கச் சொல்லிப் பாக்கணும் ஜெபகனி. எனக்கே இப்ப பயமா இருக்கு," என்றாள்.

"ரெண்டாம் தேதி யாரும் எங்கயும் போகாண்டாம்," என்றான் தவசிங்.

கடைசி வசனம் ஜெபகனிக்கு. புத்தகத்தைப் பக்கத்தில் இழுத்தாள். எழுத்தெல்லாம் தண்ணீருக்குள் கிடந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தாள். அப்போதும் ஒரு எழுத்தும் பிடிபடவில்லை.

ஜெமீமா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தன் விரலை அந்த வசனத்தின் அடியில் வைத்து, மெதுவாகக் கேட்டாள்.

"நான் எடுத்துக் குடுக்கட்டுமாம்மா?"

ஜெபகனி தலையை ஆட்டினாள். மகள் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வார்த்தையாக அவள் பின்னால் வாசித்தாள்.