குழாய்க்குள் போன காலுறை

எங்கள் வாப்பாவைப் போலப் பெட்டி கட்ட ஷார்ஜாவிலேயே ஆள் கிடையாது. லீவுக்கு ஊர் போகும்போது குக்கருக்குள் சோப்பு, ஃபிளாஸ்க்குக்குள் பாதாம் என்று பொருளுக்குள் பொருள் போய்விடும். "காலி எடம் உட்டா சாமான் ஆடும், ஆடுனா ஒடையும்" என்பார். ஓதுவதற்கு அடுத்தபடி அவரிடம் நான் ஒழுங்காகக் கற்றது அதைத்தான்.

அவர் ஒரு தச்சுப் பட்டறையில் ஃபோர்மேன். எனக்கு எட்டு வயதானபோது அங்கே ஒரு பழைய ஆர்கன் வந்து இறங்கியது. பேசாப்படக் காலத்தில் எங்கோ வெளிநாட்டுக் கொட்டகையில் இருந்ததாம். காற்றடித்தால் பாடும் நூற்றுக்கணக்கான குழாய்கள். வாப்பாவைவிட உயரமானதும் உண்டு, என் பென்சிலளவும் உண்டு. ஒரு வருடம் அதன் மரவேலையெல்லாம் பார்த்துச் செப்பனிட்டார். இனி புஜைராவில் ஒரு ஹோட்டலுக்குக் கொண்டுபோய்ப் பொருத்த வேண்டும்.

பேக்கிங் நடந்த அன்று எனக்குப் பள்ளி விடுமுறை, உம்மாவுக்கோ கிளினிக்கில் டியூட்டி. அதனால் பட்டறையில் ஒரு ஸ்டூலில் உட்கார வைக்கப்பட்டேன். ஆட்கள் குழாய்களைப் போர்வையில் சுற்றினார்கள். உள்ளே எதையும் வைக்கவில்லை. வாப்பாவுக்கா இது மறந்து போனது என்று எனக்கு ஒரே வெட்கம். யாரும் பார்க்காத நேரத்தில் என் காலுறைகளைக் கழற்றி, கைக்கெட்டிய இரண்டு குழாய்களுக்குள் ஒவ்வொன்றாகத் திணித்தேன்.

புஜைராவில் பொருத்தி முடித்த அன்று எங்களையும் பெருமையாகக் கூட்டிப்போனார் வாப்பா. வெள்ளைக்கார எஞ்சினியர் வாசித்தார், மண்டபம் அதிர்ந்தது. இரண்டு சுரம் மட்டும் வரவேயில்லை. மறுபடி மறுபடி அழுத்தினார். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

"நாளைக்குத் திறப்பு விழா பாய். இது பாடலைன்னா கலாஸ், எல்லாம் முடிஞ்சது" என்றார் வாப்பாவின் மேனேஜர்.

என் காலுறைகள் ஞாபகம் வந்தன. சொன்னால் அடி, சொல்லாவிட்டால் வாப்பா என்ன ஆவார்? உம்மாவின் துப்பட்டாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவ்வளவு பயம்.

வாப்பா ஏணியில் ஏறி, டார்ச் அடித்து, கம்பியை விட்டுத் துழாவினார். மஞ்சள் பூப்போட்ட காலுறை வெளியே வந்தது. ஒருகணம் என்னைப் பார்த்தார். பிறகு அதைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மற்றதும் அப்படியே போனது.

"என் தப்புதான் சார். தொடச்ச துணிய நாந்தான் உள்ளேயே மறந்து உட்டுட்டேன்."

ஆர்கன் முழுசாகப் பாடியது. எல்லோரையும்விட நான்தான் பலமாகக் கைதட்டினேன்.

வாப்பா என்னைத் திட்டவே இல்லை. வழியில் ஷவர்மா வாங்கித் தந்தார். தப்பித்தேன் என்றே நினைத்தேன். அடுத்த மாதம் பட்டறைக்குப் புது ஃபோர்மேன் வந்தார். வாப்பா பழையபடி இழைப்புளி பிடித்தார். சீக்கிரம் வீட்டுக்கு வருகிறாரே என்று எனக்குக் குஷி. பிறகு ஒருநாள், ஊரில் பள்ளிக்கூடம் நன்றாயிருக்கிறது என்று சொல்லி உம்மாவையும் என்னையும் வழியனுப்ப ஏர்போர்ட்டுக்கு அழைத்து வந்தார்.

உம்மா அழுதுகொண்டே இருந்தாள். கிளினிக்கை விட்டுப் போகிற வருத்தம் போலும் என்று எண்ணிக்கொண்டேன். குடும்ப விசாவுக்கு இன்ன சம்பளம் இருக்க வேண்டும் என்பதோ, வாப்பா அதற்குக் கீழே இறங்கிவிட்டார் என்பதோ, இனிப் பதினோரு வருடம் அவரை லீவில் மட்டுமே பார்ப்பேன் என்பதோ எனக்குத் தெரியாது. அவர் என் கையை விடாமல் பிடித்திருந்தது எரிச்சலாக இருந்தது. ஜன்னல் சீட்டை யாராவது பிடித்துவிடப் போகிறார்களே என்று உதறிக்கொண்டு உள்ளே ஓடினேன்.