'குப்பை' என்று பெயரிட்ட ஒரு நொடி

பாட்டுகளுக்கு ஒலிக்கலவை செய்து கொடுப்பவர்கள் மத்தியில் அவருக்கு 'இலவசம்' என்று பட்டப்பெயர். மற்றவர்கள் பாட்டுக்கு ஒன்றாகப் புதுப்புதுக் கருவிகளைக் கணினியில் வாங்கி அடுக்குவார்கள். இவரோ மென்பொருள் வாங்கிய அன்று அதன் கூடவே இலவசமாக வந்த, ஒலியைத் திருத்தும் ப்ளக்-இன்களைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. கஞ்சன் என்று கேலி பேசியவர்கள் வாயடைத்துப் போகும்படி, அதிலிருந்த, ஒலியின் கனத்தையும் கூர்மையையும் சரிசெய்யும் சாதாரண ஈக்வலைசரிடமே வேலை வாங்கிக் காட்டுவார். "கூட வந்ததோட மொதல்ல பழகுங்கப்பா. அப்புறம் கடைக்குப் போகலாம்" என்பார்.

"நானும் கூட வந்தவதான். என்னை எங்க கவனிக்கறீங்க?" என்று சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுப்பாள். ஹெட்ஃபோன் மாட்டியிருந்த மனிதருக்குப் பாதி நாள் அது கேட்டதே இல்லை.

அவளைத்தான் நுரையீரல் நோய் படுக்கையில் தள்ளியது. மகளுக்குச் சின்ன வயதில் சிக்கெடுத்துத் தலை வாரும்போது, அழாமல் இருக்க, அவளே இட்டுக்கட்டிப் பாடிய நாலு வரிப் பாட்டு ஒன்று உண்டு. சாவதற்கு மூன்று வாரம் முன்பு, சுவரெல்லாம் பழைய மெத்தை சாத்திய கணவரின் அறையில் உட்கார்ந்து, அவர் பதிவு செய்ய, அதைப் பாடினாள். வரிக்கு வரி நின்று மூச்சு வாங்கியது.

"போதும்மா" என்றார்.

"முடிச்சிடறேன். பேத்திக்கும் முடி வளருதுல்ல?"

அவள் போன பத்தாம் நாள் அந்தப் பதிவோடு உட்கார்ந்தார். துக்கம் வந்தால் அழத் தெரியாது அவருக்கு, வேலை செய்யத்தான் தெரியும். பாட்டுக்குப் பின்னால் மின்விசிறி உறுமிக்கொண்டிருந்தது. இரைச்சல் நீக்கும் ப்ளக்-இன்னுக்கு எது இரைச்சல் என்று முதலில் காட்டிக் கொடுக்க வேண்டும். பாடாத ஒரு நொடியை வெட்டிக் கொடுத்தால், அதைப்போல இருப்பதையெல்லாம் பாட்டு முழுவதிலிருந்தும் துடைத்துவிடும். இரண்டாம் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் நடுவில் ஒரு நொடியை வெட்டினார். இதே அறையில் அடுத்த பதிவுக்கும் உதவும் என்று, வழக்கம்போல 'குப்பை' என்று பெயர் போட்டுச் சேமித்தார். குரல் பளிச்சென்று வந்தது. வழக்கம்போல மூலப்பதிவை அன்றே அழித்தார். தேவையில்லாதது கணினியில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பது அவருக்கு ஆகாது.

மகள் வந்தாள். ஒரு தடவை கேட்டாள், மறுபடியும் கேட்டாள். ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"நல்லா இருக்குப்பா. ஆனா இது அம்மா இல்ல."

"அம்மா குரல்தாம்மா. இரைச்சலை மட்டும்தானே எடுத்தேன்?"

"நடுவுல மூச்சு வாங்குவாங்களே, சின்ன விசில் மாதிரி. அது எங்க? அவங்களைப் பாத்துக்க இங்க வந்திருந்தப்ப, பக்கத்து ரூம்ல படுத்து அதைக் கேட்டுக்கிட்டேதான் தூங்குவேன். நின்னுடுமோன்னு பயந்து பயந்து கேப்பேன்."

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. பாடாத நொடி என்று அவர் வெட்டிக் கொடுத்தது, மனைவி மூச்சிழுத்த நொடி. முப்பது வருடம் பாட்டு வரியை மட்டுமே கேட்டுப் பழகிய பாழாய்ப்போன காது. நடுவில் இருப்பதெல்லாம் அதற்குக் காலி இடம்.

"ஒரிஜினல் இருக்குல்ல?"

"அன்னிக்கே அழிச்சிட்டேம்மா" என்றார். மகள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. முதுகைத் தடவிக் கொடுத்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

கையில் இருந்த ப்ளக்-இன்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். இருப்பதை மெருகேற்ற அவற்றுக்குத் தெரியும், போனதைக் கொண்டுவரத் தெரியாது. மகள் திரையைச் சுட்டிக் காட்டினாள்.

"குப்பைன்னு ஒண்ணு இருக்கே, அது என்னப்பா?"

ஓடவிட்டார். மின்விசிறி உறுமியது. அதற்குள்ளே, மெல்லிய சீழ்க்கையோடு, மனைவி மூச்சை இழுத்தாள். அதை வெளியே விடுவதற்குள் ஒலி முடிந்துவிட்டது. அவர் வெட்டிய இடம் அது.

"இன்னொரு தடவைப்பா."

இன்னொரு தடவை இழுத்தாள்.

அந்தப் பெயரையாவது மாற்றிவிடலாம் என்று விசைப்பலகையில் கை வைத்தார். 'குப்பை'யை அழித்தார். எத்தனையோ பேருடைய பாட்டுக்குப் பெயர் போட்டுக் கொடுத்த மனிதர், மனைவியின் பெயரை அடிக்க முடியாமல், மகளின் தோளில் சாய்ந்து விம்மி விம்மி அழுதார்.