சாக்லேட் உருண்டைக்குள் என்ன இருந்தது?

போன வருஷம் மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடந்தன. படகு டிரைவரான என் வீட்டுக்காரர் வேலையில்லாமல், ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடிக்கும் தெருமுனை டீக்கடைக்குமாக நடந்துகொண்டிருந்தார். அந்தச் சமயம் பார்த்துதான் எங்கள் மகள், தன் கூட வேலை பார்க்கும் பையனைப் பிடித்திருக்கிறது, கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்றாள்.

பையனின் பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, கொருக்குப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவர்கள். நாங்கள் கடல் பிழைப்பு. சாதி வேறு, பேச்சு வேறு. ராயபுரத்துக்கும் கொருக்குப்பேட்டைக்கும் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் யார் வீட்டுக்கு யார் முதலில் வருவது என்பதிலேயே மூன்று வாரம் ஓடிவிட்டது. "எங்க வீட்டுக்கு வாங்க" என்று அவர்கள் வாயைத் திறக்கவில்லை. நாங்களும் திறக்கவில்லை. நான் கூப்பிடாததற்கு ஒரு காரணம் இருந்தது. மாடி முழுக்கக் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. படியேறும்போதே மூக்கைத் துளைக்கும். படித்த பையனைப் பெற்றவர்களை அந்த வாசனைக்குள் எப்படிக் கூப்பிடுவது? ஆனால் அவர்கள் கூப்பிடாததை மட்டும் திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

பிள்ளைகள் இரண்டு பேரும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, யார் வீடும் வேண்டாம் என்று ஒரு பெரிய நட்சத்திர ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு இடம் சொல்லி வைத்துவிட்டார்கள்.

பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு உள்ளுக்குள் குறுகுறுவென்று இருந்தது. ஏலத்தில் இறால் எடுத்து ஹோட்டல்களுக்கு அனுப்புவது என் தொழில். அந்த ஹோட்டலின் பின்வாசல் எனக்குப் பத்து வருஷப் பழக்கம். ஐஸ் பெட்டியை இறக்கி, எடை போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். சமையலறைக் கதவு திறந்து மூடுகிற நொடியில் வெண்ணெயும் பூண்டும் கலந்து ஒரு வாசனை வரும். என் இறாலை உள்ளே கொண்டுபோய் அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வண்டியில் ஏறுவேன். இதோ, முன்வாசல் வழியாகப் போய்ப் பார்க்க ஒரு சந்தர்ப்பம்.

என் வீட்டுக்காரருக்கோ இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. "எனக்கு முள்கரண்டி புடிக்கத் தெரியாதுமே. அந்தாளு முன்னாடி நான் அசிங்கப்பட்டா நம்ப பொண்ணுக்குத்தான் கேவலம்" என்றார். கடலில் எத்தனையோ புயலைப் பார்த்த மனுஷன் ஒரு கரண்டிக்குப் பயந்தார்.

"முன்னாடியே ஒரு தபா போய் துன்னு பாத்துட்டு வந்துடலாம்யா" என்றேன்.

செவ்வாய்க்கிழமை மதியம், மகளுக்குத் தெரியாமல் கிளம்பினோம். வாசலில் தலைப்பாகை கட்டி நின்றவர் சல்யூட் அடித்தார். என் வீட்டுக்காரரும் பதிலுக்கு விறைப்பாக ஒன்று அடித்தார். உள்ளே மார்கழி மாதிரி குளிர். எங்கிருந்தோ மல்லிகை வாசனை வந்தது. ஆனால் எங்கேயும் மல்லிகை இல்லை. நான் நாற்காலிக்குக் கீழே வரைக்கும் குனிந்து பார்த்தேன்.

பரிமாற வந்தவருக்கு எங்கள் வயது இருக்கும். கறுப்புக் கோட்டு, நரைத்த மீசை. மேஜையில் தாமரை மாதிரி மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியை அழுக்காக்கக் கூடாதென்று என் வீட்டுக்காரர் அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, தன் கர்ச்சீப்பை எடுத்து மடியில் விரித்துக்கொண்டார். அந்தப் பெரியவர் சிரிக்கவில்லை. தாமரையை ஒரே உதறில் பிரித்து, கர்ச்சீப்புக்கு மேலேயே போட்டுவிட்டார்.

முதலில் ஒரு பெரிய தட்டு வந்தது. நடுவில் இரண்டு விரல் அளவுக்கு ஏதோ ஒன்று. "இன்னாங்க, சாம்பிளா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அப்புறம் மீன். வஞ்சிரம்தான், ஆனால் தலை இல்லை, தோல் இல்லை, முள் இல்லை. "அட்ரஸ் இல்லாத மீனு" என்று சந்தேகத்தோடு புரட்டிப் பார்த்தார்.

அதன் பிறகு என் இறால் வந்தது. வாலை மேலே தூக்கிக்கொண்டு இரண்டே இரண்டு, வெண்ணெய்க் குழம்பில் நின்றன. காரம் இல்லை, மசாலா இல்லை. வாயில் வைத்தால் இனித்தது! இறாலுக்குத் தானாகவே இப்படி ஒரு இனிப்பு உண்டென்று, இத்தனை வருஷம் கையில் அள்ளி விற்ற எனக்கு அன்றுதான் தெரிந்தது. நாங்கள் வீட்டில் மிளகாயைப் போட்டு அதை மூடிவிடுகிறோம் போல.

விடுவேனா? எவ்வளவு நேரம் அடுப்பில் வைக்கிறார்கள், வெண்ணெய் ஏன் கருகவில்லை, மல்லிகை வாசனை எங்கிருந்து வருகிறது என்று கேட்டுத் தீர்த்தேன். வாசனை ஏ.சி. காற்றோடு வருகிறதாம். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவர் கடைசியில், "எதுக்கும்மா இவ்வளவு விவரம்? சொந்தமா ஹோட்டல் ஆரம்பிக்கப் போறீங்களா?" என்றார்.

உண்மையைச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, சம்பந்தம், பயம், எல்லாம். அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அதுவரை பேசிய ஹோட்டல் தமிழ் மாறிவிட்டது. "நானும் எண்ணூர்தாம்மா. நம்ப ஊரு ஆளு. இதெல்லாம் ஒரு மேட்டரே இல்ல, பாருங்க" என்று ஆரம்பித்தார். வெளிப்பக்கம் இருக்கிற கரண்டியிலிருந்து எடுத்துக்கொண்டே வரவேண்டும். ரொட்டிக்குக் கத்தி வேண்டாம், கையாலேயே பிய்க்கலாம். சாப்பிட்டு முடித்தால் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் ஜோடியாக வைத்துவிட வேண்டும். என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றையும் இரண்டு முறை செய்து பார்த்தார்.

முடிவாக இனிப்பு. தேங்காய் அளவுக்கு ஒரு சாக்லேட் உருண்டை, பளபளவென்று. மூடியும் இல்லை, ஓட்டையும் இல்லை. பெரியவர் அதன் தலையில் சூடான சாக்லேட் குழம்பை நூல் மாதிரி ஊற்றினார். கொஞ்ச நேரம் ஒன்றுமே ஆகவில்லை. அப்புறம் மேலே ஒரு குழி விழுந்தது. குழி அகன்று, உருண்டை மெதுவாக உள்வாங்கித் திறந்துகொண்டது. உள்ளே மாம்பழக் குல்ஃபி. நான் எழுந்தே நின்றுவிட்டேன். "எவன்மே இத்த கண்டுபுடிச்சது!" என்று என் வீட்டுக்காரர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

"ஞாயித்துக்கிழமையும் நான்தான் இந்தப் பக்கம்" என்றார் பெரியவர். "ஆனா உங்கள முன்ன பின்ன பாத்த மாதிரியே காட்டிக்க மாட்டேன்."

ஞாயிறு வந்தது. பையனின் அப்பா கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா பட்டுப்புடவை. வெள்ளைத் துணியை ஒரே உதறில் பிரித்து மடியில் போட்டுக்கொண்டார்கள். வெளிப்பக்கக் கரண்டியைத் தயங்காமல் எடுத்தார்கள். இவர்களுக்கு இதெல்லாம் தினப்படி பழக்கம் போலிருக்கிறது, நாம் எங்கே, இவர்கள் எங்கே என்று தோன்றியது.

பேச்சும் நகரவில்லை. படகில் எத்தனை பேர் போவீர்கள் என்று அவர் கேட்டதற்கு, என் வீட்டுக்காரர் ரேடியோ செய்தி மாதிரி, "எட்டு நபர்கள் செல்வோம்" என்றார். அப்படி ஒரு தமிழை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. அவர்களும் அதே மாதிரிதான் பேசினார்கள். "வியாபாரம் எவ்வாறு உள்ளது?" "பரவாயில்லை, நன்றாக உள்ளது." பிறகு கரண்டிச் சத்தம் மட்டும்தான். அருமையான சாப்பாடு, எனக்கு எதிலும் ருசி தெரியவில்லை.

பையனின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம்" என்றார். கல்யாணப் பேச்சில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். என் மகள் தலையைத் தூக்கவே இல்லை. மடியிலிருந்த துணியை மடித்து, இன்னும் மடித்து, உள்ளங்கை அளவுக்கு ஆக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கையைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அவர்கள் எழுந்திருக்கப் போகும்போது, நரைத்த மீசைக்காரர் பெரிய தட்டோடு வந்து நின்றார். "ஸ்வீட் முன்னாடியே சொன்னதுங்க சார். இத சாப்பிடாம எழுந்துக்கக் கூடாது." நடுமேஜையில் சாக்லேட் உருண்டையை இறக்கினார். செவ்வாய்க்கிழமை வந்ததைப் போல இரண்டு மடங்கு இருந்தது.

நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "அடடே, பந்து மாதிரி இருக்குதே! உள்ளே என்ன இருக்குமோ?" என்றேன்.

பையனின் அம்மா என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். "உள்ளே பாதாம் ஐஸ்கிரீம் இருக்கும். மேலே சூடா ஊத்துனா தன்னால திறந்துக்கிடும்."

என் வீட்டுக்காரரால் பொறுக்க முடியவில்லை. "பாதாம் இல்லீங்கோ, மாம்பழக் குல்ஃபி! நான்தான் துன்னு பாத்தனே!"

"இல்ல, பாதாம்தான். வியாழக்கிழம நாங்க…" என்று ஆரம்பித்த அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "ஏட்டி, சும்மா இரியேன்" என்று பல்லைக் கடித்தார் அவர் கணவர்.

என் மகள் நிமிர்ந்து, "நைனா, நீ எப்ப துன்ன?" என்றாள்.

ஆறு பேரும் ஒரே நேரத்தில் அந்தப் பெரியவரைப் பார்த்தோம். அவர் கையில் குழம்புக் கிண்ணத்தோடு கூரையைப் பார்த்தபடி, "எனக்கு இங்க யாரையும் தெரியாதுங்க" என்றார். சொல்லிவிட்டு ஊற்றினார்.

குழி விழுந்தது. உருண்டை திறப்பதற்குள் வாசனை முந்திக்கொண்டு வந்துவிட்டது. பலாப்பழம்! உள்ளே பலாச்சுளை ஐஸ்கிரீம். "உள்ள இருக்கறத டெய்லி மாத்துவாங்க" என்று சொல்லிவிட்டு அவர் நழுவிவிட்டார்.

முதலில் சிரித்தது பையனின் அப்பாதான். சத்தமே இல்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "மத்தியானம் கடைய அடச்சிட்டு வந்தோம் பாத்துக்கிடுங்க. பொங்கலுக்குக்கூட அப்படி அடச்சதில்ல."

"நாங்க செவ்வாக்கெழம" என்றார் என் வீட்டுக்காரர். "எனுக்கு இந்த முள்கரண்டிய பாத்தாலே பேஜாரா கீதுங்க."

"எனக்கு மட்டும் என்னவாம்?" என்றார் அவர்.

பிறகு எல்லாம் கொட்டியது. நாங்கள் பெரிய எக்ஸ்போர்ட் ஆட்கள் என்று பையன் தன் வீட்டில் சொல்லியிருக்கிறான். அவர்கள் பெரிய கடை முதலாளிகள் என்று என் மகள் எங்களிடம் சொல்லியிருந்தாள். இரண்டு பேரும் இப்போது ஐஸ்கிரீமை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைக்குப் பின்னாலேயே வீடு, கூடம் முழுக்கப் பருப்பு மூட்டை, உங்களை எங்கே உட்கார வைப்பது என்றுதான் கூப்பிடவில்லை என்றார் அந்த அம்மா. நான் மாடியில் காயும் கருவாட்டைப் பற்றிச் சொன்னேன்.

அவர் ஐஸ்கிரீம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார். "என்ன கருவாடு? நெத்திலியா?"

"நெத்திலியும் கீது, வாளையும் கீது."

"கருவாட்டுக்குப் போய் யாராவது வெக்கப்படுவாவளா? வெள்ளிக்கிழம விரதம். சனிக்கிழம வாறோம்" என்றார்.

சொன்னபடி வந்தார்கள். தை மாதம் கல்யாணம் நடந்தது. எண்ணூர்ப் பெரியவருக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைத்தோம். மனைவியோடு வந்தார். பந்தியில் உட்கார வைத்து, ஒரு பக்கம் என் வீட்டுக்காரரும் மறுபக்கம் சம்பந்தியும் பரிமாறினார்கள். சாப்பிட்டு முடித்து, "பாயசத்துல முந்திரி கம்மி" என்று குறை வேறு சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது வருஷத்துக்கு ஒருமுறை அந்த ஹோட்டலுக்குப் போகவேண்டும் என்று இரண்டு வீட்டாரும் பேசி வைத்திருக்கிறோம். எனக்கு அங்கே இன்னும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் அன்றைக்கு நான் தெரிந்துகொண்டது வேறு. அதன் பிறகு யாராவது என் எதிரில் விறைப்பாக, என்னைவிட உசத்தி என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. இவர் இங்கே கிளம்பி வருவதற்கு முன்னால் வீட்டில் எதை நினைத்துப் பயந்திருப்பார் என்று கேட்கத்தான் நாக்கு துடிக்கிறது.