வேண்டாம் என்றவர்

ரங்கூனின் தின்கன்ஜூன் பகுதியில் நானும் அம்மாவும் ஒரு பழைய வீட்டை வாங்க நினைத்தபோது, அது உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒருவரை அழைத்து வந்தோம். வார நாட்களில் ஏதோ அலுவலகத்தில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வீடு பார்த்துச் சொல்வார். ஒல்லியான உடம்பு, வெளுத்துப்போன லுங்கி. விரல் முட்டியால் சுவரைத் தட்டி, காதை ஒட்டவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முட்டியெல்லாம் சுண்ணாம்பாகிவிடும்.

எல்லாச் சுவரையும் தட்டி முடித்து, "வேணாம் தம்பி" என்றார்.

"சுவர்ல கோளாறா, சயா?" என்று, ஐயா என்பதற்கான பர்மியச் சொல்லால் மரியாதையாகக் கேட்டேன்.

"நான் சொன்னது தப்பாப் போனா ஈடு கட்ட எனக்கு இன்சூரன்ஸ் இல்ல. விசாரிச்சுப் பாத்தேன். வாரத்துல ஒரு நாள் செய்றவனுக்கும் முழுநேரக்காரனுக்கும் ஒரே பிரீமியமாம். அதக் கட்டினா எனக்கு ஒண்ணும் மிஞ்சாது."

"நான் வீட்டப் பத்திக் கேட்டேன்."

"நல்ல வீடுன்னு சொல்லி நாளைக்கு இடிஞ்சா என்னத்தான் புடிப்பாங்க. வேணாம்னு சொன்னா எவனும் தேடி வர மாட்டான்."

அம்மா பயந்துவிட்டாள். வீட்டை வாங்காமல் பழைய வாடகை வீட்டிலேயே இருந்தோம். அந்த மழைக்காலத்தில் அதன் சமையலறைச் சுவர் இடிந்து அம்மாவின் மேல் விழுந்தது.

அவரை யாரும் தேடிப் போகவில்லை. இழவுக்கு அவராகவே வந்தார். மிஞ்சி நின்ற சுவரருகே போனதும் அவர் விரல்கள் தாமாகவே மடங்கின. ஆனால் தட்டவில்லை, கையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

தின்கன்ஜூன் வீடு இன்னும் நிற்கிறது. பஸ்ஸில் அதைக் கடக்கும்போதெல்லாம், அன்று அவர் காதில் என்னதான் கேட்டது என்று நினைத்துக்கொள்கிறேன்.