சத்தம் பார்த்து வாங்கிய நரம்பு

என் மகளுக்கு இந்த ஆண்டு பதின்மூன்று. டென்னிஸ் பயிற்சியில் சேர்த்திருக்கிறேன். மட்டைக்கு என்ன நரம்பு போடலாம் என்று கடையில் கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பி வந்துவிட்டேன். யோசிப்பது எனக்கு இன்னொரு உத்தியோகம் மாதிரி ஆகிவிட்டது. தரை லேசாக அதிர்ந்தால் யோசிக்கிறேன். பள்ளி வேன் வரக் கொஞ்சம் தாமதமானால் யோசிக்கிறேன். நரம்பு விஷயத்தில் உண்மையில் யோசிக்க ஒன்றுமில்லை. புதிதாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு மென்மையான நரம்பாகப் பார்த்து, கொஞ்சம் தளர்வாகக் கட்டிக் கொடுத்தால் முழங்கை நோகாது என்று தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். எனக்கு நரம்பு வாங்கியபோது என் முழங்கையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. வாங்கித் தந்தவள் அம்மா.

அது கடல் ஏறி வந்ததற்கு அடுத்த வருஷம். எங்களுடையது இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து கட்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிய குடும்பம். அந்த டிசம்பருக்குப் பிறகு அப்பா வேலையை விட முடியாமல் அங்கேயே தகரக் கொட்டகையில் தங்கிவிட்டார். தங்கை கடலோடு போய்விட்டாள். அம்மாவும் நானும் மட்டும் கப்பலேறி போர்ட் பிளேருக்கு வந்தோம். அங்கே அம்மாவின் தம்பி, என் மாமா, சாத்தம் மரமில்லில் வேலை பார்த்தார். மில் இருந்தது தண்ணீரை ஒட்டி. அதன் பக்கத்திலேயே அவருக்கு ஒரு நல்ல அறையும் இருந்தது. அம்மா கப்பல் துறையில் இறங்கி அதை ஒருமுறை பார்த்தாள், மூட்டையைக் கீழே வைக்கவே இல்லை. மாமா முனகிக்கொண்டே ஹாடோ மேட்டில் ஒரு வீடு பிடித்தார். அன்றிலிருந்து தினமும் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

அம்மாவுக்கு அப்போது ஊரில் இரண்டே பக்கம்தான் இருந்தது, மேலே, கீழே. மேலே இருக்கிற கடையில் பருப்பு கல்லும் தூசுமாக இருந்தாலும் அங்கேதான் வாங்குவாள். என் வகுப்பு கீழ்த்தளத்தில் நடப்பதைக் கேட்டு ஹெட்மாஸ்டரிடம் போய் மாடி வகுப்புக்கு மாற்றச் சொன்னாள். பையன்கள் கால்பந்து ஆடும் மைதானம் கடலை ஒட்டி இருந்ததால் கால்பந்து என்ற சொல்லையே வீட்டில் எடுக்க முடியாது. பள்ளி விட்டால் வீடு, வீடு விட்டால் பள்ளி. நான் கொல்லையில் ஒதுங்கினால்கூட வாசற்படியில் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். பதினாலு வயதுப் பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டுக்கு மேலே, மேட்டின் உச்சியில், ஒரு அலுவலகத்துக்குப் பின்னால் கிடந்த பழைய டென்னிஸ் கோர்ட்டைச் சுத்தம் செய்து, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் சொல்லித் தர ஆரம்பித்தார்கள். எனக்கு டென்னிஸ் என்றால் என்னவென்றே தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அது எங்கே நடக்கிறது என்று மட்டும் கேட்டாள். மேலே என்றேன். வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். போகலாம் என்றாள். உயரத்தை வைத்துப் பிள்ளைக்கு விளையாட்டுத் தேர்ந்தெடுத்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்று நினைத்தேன். பிறகு விசாரித்ததில், அங்கே ஆட வந்தவர்களில் பாதிப் பேர் அதே காரணத்துக்காக அனுப்பப்பட்டவர்கள் என்று தெரிந்தது.

கொஞ்ச நாள் பொதுமட்டைகளில் ஆடினோம். பிறகு மாஸ்டர், மட்டை போதவில்லை, அடுத்த வாரத்திலிருந்து சொந்த மட்டை இருப்பவர்கள் மட்டும் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். அம்மாவின் கண்ணில் படாமல் நான் இருக்க முடிந்த ஒரே இடம் அந்தக் கோர்ட்தான். அதுவும் போனால் மறுபடியும் கொல்லை, வாசற்படி, பேச்சு.

மாமா எங்கிருந்தோ ஒரு மட்டையைக் கொண்டுவந்தார். கடல் வந்த பிறகு மாற்றல் வாங்கிக்கொண்டு மெயின்லாண்டுக்குப் போய்விட்ட அதிகாரி ஒருவர் வீட்டில் விட்டுப்போனது. சட்டம் நன்றாக இருந்தது. நரம்புதான் அறுந்து தொங்கியது. பஜாரில் ஒரு பெங்காலி, விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். நரம்பும் கட்டித் தருவார். நானும் மாமாவும் போய் வருகிறோம் என்றோம். அம்மா சேலையை மாற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

எனக்கு எது வேண்டும் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். எங்களில் நன்றாக ஆடிய பையன்கள் எல்லோரும் கறுப்பு நரம்பு போட்டிருந்தார்கள். கடைக்காரரோ என்னைப் பார்த்ததுமே கறுப்பு வேண்டாம், அது விறைப்பானது, பழகினவர்களுக்குத்தான் சரி என்று சொல்லிவிட்டு, நூல் நூலாகத் திரித்தது போன்ற மெத்தென்ற ஒன்றை எடுத்துக் காட்டினார். மூன்றாவதாக வெள்ளை நைலான் ஒன்று இருந்தது. மூன்றும் கட்டிய மாதிரி மட்டைகள் சுவரில் தொங்கின.

அம்மா மூன்றையும் இறக்கச் சொன்னாள். ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டாள். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு அவள் ஒரு பந்தை எடுத்து என் கையில் கொடுத்து, வெளியே போய் அடிக்கச் சொன்னாள். கடை வாசலில் நின்று தட்டினேன்.

"இன்னுங் கொஞ்சம் தள்ளிப் போ தம்பி."

தெருவைத் தாண்டி ஆட்டோக்கள் நிற்கும் இடத்துக்குப் போனேன். இன்னும் தள்ளி, இன்னும் தள்ளி என்று கையைக் காட்டினாள். கடைசியில் ஒரு மருந்துக்கடைச் சுவருக்கு எதிரே நின்று, மூன்று மட்டைகளாலும் மாற்றி மாற்றிப் பந்தை அடித்தேன். அங்கே கடைக்குள் அம்மா கண்ணை மூடிக்கொண்டு நிற்பது தெரிந்தது. ஆட்டோக்காரர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். தெரிந்தவர் யாரும் வந்துவிடக் கூடாது என்று பதறிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது மாமா அவளைச் சீண்டிக்கொண்டிருந்தார். "அக்கா, நீ பேட்டு வாங்க வந்தியா, பூசைக்கு மணி வாங்க வந்தியா?"

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "மேல ஆடுற மத்த புள்ளைங்க எதைப் போட்டிருக்காங்க?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு நம்பிக்கை வந்தது. கறுப்பைக் காட்டினேன். சிலர் மெத்தென்றதும் போட்டிருக்கிறார்கள் என்றேன்.

"அப்ப அது ரெண்டும் வேணாம்" என்றாள். வெள்ளை நைலானைத் தொட்டுக் காட்டினாள்.

அதோடு விடவில்லை. நன்றாக இழுத்துக் கட்டச் சொன்னாள். கடைக்காரர் மிஷினில் மட்டையைப் பூட்டி இழுத்தார். போதாது என்றாள். இன்னும் கொஞ்சம் இழுத்துச் சுண்டிக் காட்டினார். இன்னும் என்றாள். அவர் கையை எடுத்துவிட்டார்.

"தீதீ, இத்னா டைட் மத் கரோ. பச்சே கா ஹாத் துகேகா."

"புள்ளைக்குக் கை நோவுங்கிறாருக்கா" என்றார் மாமா.

"நோவட்டும். நோவுறதுக்குக் கை இருக்குல்ல" என்றாள் அம்மா.

கடைக்காரர் அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார். எந்தத் தீவு என்று மட்டும் மாமாவிடம் கேட்டார். பிறகு அவள் சொன்ன அளவுக்கு இழுத்தார்.

மட்டை தயாரானது. பந்து பட்டால் வெண்கலத் தட்டு கீழே விழுந்த மாதிரி ஒரு 'டிங்'. மற்றவர்கள் அடித்தால் 'தொப்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். நான் அடித்தால் மேட்டிலுள்ள காக்கைகள் எழும்பும். முதல் நாளே பையன்கள் "மந்திர் ஆ கயா" என்று ஆரம்பித்துவிட்டார்கள். நான் கோர்ட்டுக்குள் கால் வைக்கும்போதெல்லாம் கோயில் வந்துவிட்டது என்று கும்பிட்டார்கள். கையும் கடைக்காரர் சொன்னபடியே நொந்தது. அந்த இறுக்கத்தில் பந்து எங்கே போகிறது என்பது எனக்கும் தெரியாது, பந்துக்கும் தெரியாது. அம்மாவிடம் சொல்ல முடியாது. சொன்னால் போகவே வேண்டாம் என்பாள். முழங்கையில் தைலம் தேய்த்துக்கொண்டு, வாசனைக்குக் காரணம் கேட்டால் தலைவலி என்றேன்.

ஒரு சாயங்காலம் மாஸ்டருக்கே பொறுக்கவில்லை. அவர் மலையாளி, எல்லா மொழியையும் கலந்து பேசுவார். "எடோ, அந்த நரம்பில ஒரு ரப்பர் பேண்ட் மாட்டு. என் காது போச்சு" என்றார். ஒரு பையன் தன் புத்தகக் கட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தான். அடிப்பக்கம் இரண்டு நரம்புகளுக்கு நடுவே முறுக்கி மாட்டினேன். அற்புதமாக இருந்தது. மணி போயே போய்விட்டது. என் மட்டையும் எல்லோருடையதையும் போல 'தொப்' என்றது. யாரும் கும்பிடவில்லை. முதல்முறையாக நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக நின்று ஆடினேன்.

சிறிது நேரம்கூட ஆடியிருக்க மாட்டேன். கீழிருந்து வரும் படிக்கட்டில் அம்மா தெரிந்தாள். செருப்பில்லை. கையில் சோறு கிளறும் கரண்டி அப்படியே இருந்தது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பையனாகப் பார்த்து, என்னிடம் வந்து பார்வையை நிறுத்தினாள். மூச்சு வாங்கியது. ஆட்டம் நின்றுவிட்டது. மாஸ்டர் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"மழை வர்ற மாதிரி இருந்துச்சு. அதான்" என்றாள். வானம் வெளுத்துக் கிடந்தது.

பிறகு உள்ளே வந்து என் மட்டையை வாங்கிச் சுண்டினாள். ரப்பர் பேண்டைக் கண்டதும் பிய்த்து எடுத்தாள். மறுபடி சுண்டினாள். அந்தப் பழைய சத்தம் வந்ததும் மட்டையை என்னிடம் கொடுத்து, "இது மாட்டாம ஆடுறதுன்னா ஆடு. இல்லன்னா இப்பவே வீட்டுக்கு வா" என்றாள். மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் காலைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார், விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அம்மா கரண்டியோடு இறங்கிப் போனாள்.

அவள் பிடிவாதக்காரி, தான் வாங்கிக் கொடுத்ததை யாரும் குறை சொல்லக் கூடாது என்று நினைப்பவள் என்றுதான் அன்று புரிந்துகொண்டேன். எங்கள் அடுப்படி ஜன்னல் அந்தக் கோர்ட்டுக்கு நேர் கீழே இருப்பதை நான் கவனித்ததே இல்லை. கட்சாலில் கடல் வந்த அன்று நான் அப்பாவோடு வேறு பக்கம் ஓடினேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே மேடேறிய அம்மாவுக்குப் பின்னால், பக்கத்து வீட்டுக்காரர்களோடு தங்கை வந்துகொண்டிருந்தாளாம். திரும்பிப் பார்க்க நேரமில்லாமல், பின்னால் அவள் குரல் கேட்கிறவரை வருகிறாள் என்று நம்பி அம்மா ஏறியிருக்கிறாள். இதெல்லாம் நான் வேலைக்குப் போன பிறகு மாமா ஒருநாள் சொல்லித்தான் தெரியும்.

கோர்ட்டில் அன்று எனக்கு வந்ததெல்லாம் கோபம். பையன்கள் மறுபடி கும்பிட ஆரம்பித்திருந்தார்கள். மட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வந்த பந்தையெல்லாம் கண்மண் தெரியாமல் ஓங்கி ஓங்கி அடித்தேன். வலையில் அடித்தேன், வேலிக்கு மேலே அடித்தேன், மாஸ்டர் போதும் என்ற பிறகும் சுவரில் அடித்தேன். முழங்கை தெறித்தது. அவளுக்குக் கேட்கட்டும், தன் மகன் எவ்வளவு கோபமாக இருக்கிறான் என்று தெரியட்டும் என்று இன்னும் பலமாக அடித்தேன். கீழே அவள் அடுப்பைத் திரும்பப் பற்றவைத்து, நிம்மதியாகச் சோறு வடித்துக்கொண்டிருந்திருப்பாள்.